இரு நீலக் குறிகள்

இரவு 10 மணி 40 நிமிடத்துக்கு அந்தச் செய்தி வந்தது. ஆஸ்டின் டவுனில், நந்தன் கால்பந்து மைதானத்திலிருந்து இரண்டு தெருக்கள் தள்ளி, வாடகை வீடொன்றின் சாப்பாட்டு மேசையில் ஏழாம் வகுப்பின் சமூக அறிவியல் குறிப்பேடுகள் இரண்டு அடுக்குகளாக இருந்தன. திருத்தியவை இடப்பக்கம், திருத்தாதவை வலப்பக்கம். ஆசிரியை சிவப்புப் பேனாவை மூடாமலேயே கைப்பேசியை எடுத்தார். பள்ளியின் வாட்ஸப் குழுவில் நிர்வாகி ஆங்கிலத்தில் எழுதியிருந்தார். தமிழில் சொன்னால் ஏறத்தாழ இவ்வாறு வரும்: ‘ஏழாம் வகுப்பின் சமூக அறிவியல் பாடவேளையில் ஆங்கிலம் அல்லாத மொழிகள் பயன்படுத்தப்படுவதாகக் கவனத்துக்குக் கொண்டுவரப்பட்டுள்ளது. இது தவிர்க்கப்பட வேண்டும். நாளைக் காலை 8.30 மணிக்குள் விளக்கம் அளிக்கப்பட வேண்டும்.’

யார் பெயரும் இல்லை. ஆனால் ஏழாம் வகுப்புக்குச் சமூக அறிவியல் எடுப்பவர் ஒருவர்தான் என்பது குழுவில் இருந்த முப்பத்துச் சொச்சம் பேருக்கும் தெரியும். அனுப்பியவரின் திரையில் குறிகள் நீலமாகியிருக்கும். எல்லோரும் படித்துவிட்டார்கள். ஒருவரும் ஒன்றும் எழுதவில்லை. அவர் நான்கு வரிகள் எழுதினார், அழித்தார். மறுபடி எழுதினார், அழித்தார். இறுதியில் ஒரே வரி: ‘இனி இவ்வாறு நிகழாது.’ அன்றிரவு வலப்பக்க அடுக்கு அப்படியே இருந்தது.

மொழியியல் படித்தவர்களுக்கு ஆஸ்டின் என்ற பெயரைக் கேட்டதும் இன்னொருவர் நினைவுக்கு வருவார். ஆக்ஸ்ஃபோர்டின் ஜே. எல். ஆஸ்டினுக்கும் பெங்களூரின் இந்தக் குடியிருப்புக்கும் எந்த உறவும் இல்லை. பெயர்தான் ஒன்று. அவர் 1955இல் ஹார்வர்டில் ஆற்றிய சொற்பொழிவுகள், அவர் மறைந்து ஈராண்டுகள் கழித்து, 1962இல் நூலாயின. அவர் சொன்னது எளிய செய்தி: சில கூற்றுகள் எதையும் விவரிப்பதில்லை, ஒன்றைச் செய்கின்றன. ‘இக்கூட்டத்தைத் தொடங்கிவைக்கிறேன்’ என்றால் கூட்டம் தொடங்கிவிடுகிறது. ‘உறுதி கூறுகிறேன்’ என்றால் உறுதி பிறந்துவிடுகிறது. ஆனால் அச்செயல் நிறைவேறச் சில நிபந்தனைகள் உண்டு. சொல்பவருக்கு அதைச் சொல்லும் உரிமை இருக்க வேண்டும், சூழல் பொருந்த வேண்டும், கேட்பவர் அதை அதுவாகவே ஏற்க வேண்டும். எச்சரிக்கையை எச்சரிக்கை என்று கேட்பவர் உணராதவரை எச்சரிக்கை நிகழவில்லை என்றார் ஆஸ்டின். வாட்ஸப்பின் இரு நீலக் குறிகள் ‘பார்க்கப்பட்டது’ என்பதை மட்டுமே காட்டுகின்றன. ‘ஏற்கப்பட்டது’ என்பதற்கு அந்தச் செயலியில் குறி கிடையாது. இன்றைய பள்ளி நிர்வாகங்கள் பல, முன்னதைப் பின்னது என்று நம்பித்தான் நடக்கின்றன.

அந்த ஆசிரியைக்கு இதே பள்ளியில் வேறொரு காலம் இருந்தது. அப்போதைய தலைமையாசிரியை ஓய்வுபெற்றுவிட்டார். அவர் இனிமையாகப் பேசுபவர் என்று எவரும் சொல்லமாட்டார்கள். குரல் கரகரப்பு, சொல் சுருக்கம். ஆனால் மாதம் ஒருமுறையாவது கடைசி பெஞ்சில், பிள்ளைகளோடு பிள்ளையாக வந்து அமர்வார். குறிப்பேடு எதுவும் கையில் இருக்காது. மணியடித்த பிறகு, வராந்தாவில் நடந்துகொண்டே ஒரே ஒரு கேள்வி கேட்பார். அந்தக் கேள்விக்கு அன்றே விடை தர வேண்டும் என்பதும் இல்லை.

ஒருமுறை பாடம் ஆங்கிலேயர் ஆட்சி. ஆசிரியை கரும்பலகையில் ஆண்டுகளை வரிசையாக எழுதிப் பிள்ளைகளைக் குறித்துக்கொள்ளச் சொல்லியிருந்தார். தலைமையாசிரியை வராந்தாவில் கேட்டது: “1809க்கும் இந்தப் பிள்ளைகளோட பாட்டிக்கும் என்ன சம்பந்தம், மிஸ்?”

1809, பெங்களூரில் ஆங்கிலேயர் தண்டு அமைத்த ஆண்டு. அந்தத் தண்டுக்குப் பின்னால்தான் வட ஆர்க்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் தமிழ்க் குடும்பங்கள் வந்துகொண்டே இருந்தன. சிப்பாய்களாக, சமையற்காரர்களாக, கொத்தர்களாக, வண்ணார்களாக. 1947 ஜூலை வரை தண்டுப்பகுதி ஓர் ஆட்சி, நகரம் இன்னோர் ஆட்சி. மைசூர் அரசரின் பெங்களூரும் ஆங்கிலேயரின் பெங்களூரும் பக்கத்துப் பக்கத்தில் இருந்தன. ஆஸ்டின் டவுனில் தமிழும் கன்னடமும் தக்கினி உருதுவும் தெலுங்கும் ஒரே குழாயடியில் கேட்பதற்கான காரணம் இந்த வரலாறுதான். அது பாடநூலில் இரண்டு வரி. பாட்டிகளிடம் இரண்டு மணிநேரம்.

ஆசிரியை அடுத்த வாரம் பிள்ளைகளை வீட்டுக்குப் போய்க் கேட்டு வரச் சொன்னார்: உங்கள் குடும்பம் இங்கே எப்போது வந்தது, எங்கிருந்து, எதற்காக? ஒரு பையன், பேச்சே வராதவன் என்று ஆறாம் வகுப்பில் பெயரெடுத்தவன், தன் தாத்தா கோலார் தங்கவயலில் சுரங்கத்துக்குள் இறங்கிய கதையைத் தமிழிலேயே பத்து நிமிடம் சொன்னான். சுரங்கம் 2001இல் மூடப்பட்டதும் குடும்பம் இங்கே வந்தது என்றான். ஒரு பெண் தக்கினியில் சொன்னாள். இன்னொருத்தி கன்னடத்தில். கரும்பலகையில் அவற்றையெல்லாம் ஆங்கில வாக்கியங்களாக மாற்றியது வகுப்பு முழுவதும் சேர்ந்து. பிறகு ஓசூர் சாலைக் கல்லறைத் தோட்டத்துக்கு ஒருநாள் நடந்து போனார்கள். கற்களில் இருந்த ஆண்டுகளைக் குறித்து வந்து கால வரிசைப்படுத்தினார்கள். தலைமையாசிரியை அதைப் பற்றிப் பாராட்டுரை ஏதும் வழங்கவில்லை. அலுவலகத்தில் பூட்டிக் கிடந்த நூலக அலமாரியின் சாவியை எடுத்து, “நீங்களே வெச்சுக்குங்க” என்றார். அவ்வளவுதான். அந்தச் சாவி ஆசிரியையின் கைப்பையில் இருந்தது.

இப்போதைய நிர்வாகி கெட்டவர் அல்லர். இதை அந்த ஆசிரியையே வற்புறுத்திச் சொல்வார். நிர்வாகிக்கு மேலே ஓர் அறக்கட்டளை, அதற்கும் மேலே கட்டண நிலுவைக் கணக்கு. அரசுத் தளத்தில் மாணவர் விவரங்களை ஏற்றவேண்டிய கெடுக்கள் ஒன்றன்பின் ஒன்றாக வரும். பக்கத்தில் புதிதாகத் திறந்த பள்ளியின் விளம்பரப் பலகையில் ‘நூறு விழுக்காடு ஆங்கிலச் சூழல்’ என்ற வாசகம். பெற்றோர் அதைப் பார்த்துக் கேட்கிறார்கள். அவர் அந்தக் கேள்வியை ஆசிரியர்களிடம் தள்ளிவிடுகிறார். தமக்கு வந்த மொழியிலேயே தள்ளிவிடுகிறார் என்பதுதான் சிக்கல். மேலிடத்திலிருந்து அவருக்கு வரும் கடிதங்களிலும் எழுவாய் இருப்பதில்லை.

அலுவலக மொழியின் இந்தப் பண்பு எல்லைகளைக் கடந்தது. தமிழகத்து அரசுப் பள்ளிகளுக்கு வரும் ‘செயல்முறைகள்’ கடிதங்களைப் படித்தவர்களுக்குப் பழக்கமான நடை இது: ‘அறிவுறுத்தப்படுகிறது’, ‘தெரிவிக்கப்படுகிறது’, ‘தவறும்பட்சத்தில் ஒழுங்கு நடவடிக்கை மேற்கொள்ளப்படும்’. அங்கே ஆசிரியர் அறையில் ‘17 பி’ என்ற இரண்டு சொற்களைச் சொன்னால் போதும், தேநீர் ஆறிவிடும். பேச்சுத் தமிழில் செயப்பாட்டுவினை அரிதாகவே வரும். ‘சோறு அம்மாவால் சமைக்கப்பட்டது’ என்று எந்தக் குழந்தையும் சொல்லாது. கோப்புகளில் மட்டும் அது செழிக்கிறது. அறிவுறுத்துபவர் மறைந்துவிட்டால், அறிவுறுத்தியதற்கு விளக்கம் கேட்கவும் ஆள் இருக்கமாட்டார் அல்லவா? ‘கவனத்துக்குக் கொண்டுவரப்பட்டுள்ளது’ என்ற தொடரில் கொண்டுவந்தவர் யார்? ஆசிரியை அடுத்த ஒரு மாதம் சக ஆசிரியர்களின் முகங்களில் அந்த எழுவாயைத் தேடிக்கொண்டிருந்தார். இலக்கணத்தில் ஒரு சொல் குறைந்ததால் ஆசிரியர் அறையில் பேச்சே குறைந்தது.

அதைவிடக் கனமானது, அவர் அனுப்பிய ஒற்றை வரி. ‘இனி இவ்வாறு நிகழாது.’ அதிலும் எழுவாயாக ஆள் இல்லை. நோய் தொற்றுவதுபோல அந்த நடை அவருக்கும் தொற்றிவிட்டது.

நிகழவும் இல்லை. மறுநாளிலிருந்து வகுப்பு ஆங்கிலத்தில் மட்டும் நடந்தது. ஆசிரியை பாடநூலை வாசித்தார், பொருள் சொன்னார், வினாக்களுக்கு விடைகளைக் கரும்பலகையில் எழுதினார், பிள்ளைகள் எழுதிக்கொண்டார்கள். பாடத்திட்டம் உரிய நாளில் முடிந்தது. குறிப்பேடுகள் தவறாமல் திருத்தப்பட்டன. முன்பு ஓரங்களில் ‘இதை உன் பாட்டியிடம் கேள்’ என்று எழுதிய கை இப்போது ‘குட்’ என்று எழுதிக் கையொப்பமிட்டது. எந்த ஆய்வு அலுவலர் வந்து பார்த்தாலும் குறை காண முடியாத ஆசிரியராக அவர் ஆகிவிட்டார். செயல்திறன் படிவத்தில் அந்த ஆண்டு அவருக்கு முந்தைய ஆண்டைவிடக் கூடுதல் மதிப்பெண்.

ஆசிரியரின் செயல்திறன் குறைவது பெரும்பாலும் இப்படித்தான். கலகமோ வேலைநிறுத்தமோ விடுப்புக் கடிதமோ இன்றி, கேட்டதை மட்டும் கொடுக்கும் நிலைக்கு ஒருவர் சத்தமில்லாமல் இறங்கிவிடுகிறார். வராதவரைக் கணக்கெடுக்கலாம். வந்திருந்தும் வராதவரை எந்தப் பதிவேட்டில் எழுதுவது?

கணக்கெடுப்பிலும் சொல் செய்யும் வேலை பெரிது. ‘அரசுப் பள்ளி ஆசிரியர்களில் நான்கில் ஒருவர் பள்ளிக்கு வருவதில்லை’ என்ற செய்தி இருபது ஆண்டுகளாக இந்தியாவில் உலவுகிறது. பெங்களூரைத் தலைமையிடமாகக் கொண்ட அசீம் பிரேம்ஜி அறக்கட்டளை 6 மாநிலங்களில் 619 பள்ளிகளில் நடத்திய ஆய்வை 2017இல் வெளியிட்டது. பள்ளியில் இல்லாத ஆசிரியர்கள் 18.5 விழுக்காடு. அவர்களில் பெரும்பாலோர் முறையான விடுப்பிலோ, பயிற்சியிலோ, அரசே அனுப்பிய வேறு பணியிலோ இருந்தார்கள். காரணமின்றி வராதவர்கள் 2.5 விழுக்காடுதான். ‘இல்லை’ என்ற ஒரு சொல்லுக்குள் இவ்வளவு பேரும் அடைபட்டிருந்தார்கள். 2025இல் கர்நாடகத்தின் அரசுப் பள்ளி ஆசிரியர்கள் சமூக, கல்விக் கணக்கெடுப்புக்காக வீடுவீடாக அலைந்தபோது, தசரா விடுமுறை அக்டோபர் 18 வரை நீட்டிக்கப்பட்டது. அந்த நாள்களில் அவர்கள் வகுப்பில் இல்லைதான். யார் அனுப்பி இல்லை என்பதையும் சேர்த்துச் சொன்னால்தான் அது செய்தி. இல்லாவிட்டால் வசை.

அமெரிக்காவில் மேத்யூ கிராஃப்ட், ஜான் பாப்பே இருவரும் 2014இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. வட கரோலினாவின் சார்லட்-மெக்லன்பர்க் பள்ளிகளில் ஆசிரியர்கள் ஆண்டு செல்லச் செல்ல எவ்வளவு மேம்படுகிறார்கள் என்று, மாணவர் தேர்ச்சியை வைத்து அளந்தார்கள். தலைமை, சக ஆசிரியர் உறவு, மதிப்பீட்டு முறை, ஒழுங்கு ஆகியவை நன்றாக அமைந்த பள்ளிகளின் ஆசிரியர்கள், அவை நலிந்த பள்ளிகளின் ஆசிரியர்களைவிடப் பத்தாண்டுகளில் 38 விழுக்காடு கூடுதலாக மேம்பட்டிருந்தார்கள். தொடக்கத்தில் ஒத்த நிலையில் இருப்பவர்கள்கூட எந்தக் கூரையின்கீழ் வேலை செய்கிறார்கள் என்பதைப் பொறுத்துப் பிரிந்துபோகிறார்கள். சிகாகோ தொடக்கப் பள்ளிகளைப் பத்தாண்டு ஆராய்ந்த அந்தோனி பிரைக்கும் பார்பரா ஷ்னைடரும் 2002இல் எழுதிய நூலிலும் இதே திசைதான். பெரியவர்களுக்கிடையே நம்பிக்கை வலுவாக இருந்த பள்ளிகள் மேம்படும் வாய்ப்பு இரண்டில் ஒன்று, நலிந்திருந்த பள்ளிகளுக்கு ஏழில் ஒன்று. அந்த நம்பிக்கை அன்றாடப் பேச்சில் உருவாவது என்பதுதான் அவர்கள் கண்டது. ஒருவர் சொல்வதை மற்றவர் காது கொடுத்துக் கேட்கிறாரா, சொன்னபடி நடக்கிறாரா என்பவை அதில் அடக்கம்.

இதைத் தமிழ் அறியாததல்ல. திருக்குறளில் ‘இனியவை கூறல்’ இல்லறவியலில் இருக்கிறது. ‘சொல்வன்மை’ அதிலிருந்து வெகு தொலைவில், அமைச்சியலில், 65ஆம் அதிகாரமாக இருக்கிறது. வீட்டில் பேச இனிமை போதும், ஆட்சி செய்பவருக்குச் சொல் ஒரு தனித் தொழில் என்று வள்ளுவர் பிரித்து வைத்திருப்பது தற்செயல் அன்று. ‘வெருவந்த செய்யாமை’யில் கடுஞ்சொல்லை அவர் அரத்துக்கு ஒப்பிடுகிறார். அரசனின் கடுஞ்சொல், அரசனின் வலிமையையே தேய்க்கும் அரம். கேட்பவனை அறுக்கிறது என்று சொல்லியிருந்தால் அது வெறும் அறவுரை. சொல்பவனைத் தேய்க்கிறது என்பது நிர்வாகவியல். நன்னூலின் பாயிரமோ நல்லாசிரியரைப் பற்றியும், ஆசிரியர் ஆகத் தகாதவரைப் பற்றியும், பாடம் சொல்லும் முறை, கேட்கும் முறை பற்றியும் விரிவாகப் பேசுகிறது. அதில் தலைமையாசிரியர் என்று ஒருவர் இல்லை. பவணந்தியார் காலத்தில் அப்படியொரு பதவியே இல்லை. ஆசிரியருக்கும் மாணாக்கருக்கும் இடையே மூன்றாவதாக ஒருவர் வந்து நின்றது, மானியமும் ஆய்வும் தேர்வும் சேர்ந்து பிறந்த பிற்காலப் பள்ளியில்தான்.

பத்தொன்பதாம் நூற்றாண்டுச் சென்னை மாகாணத்தில், மாணவர் தேர்வில் பெறும் பலனுக்கேற்ப மானியம் என்ற முறை சிலகாலம் நடப்பில் இருந்தது. ஆய்வாளர் வருவார், பிள்ளைகளை வரிசையில் நிறுத்திக் கேட்பார், பணம் அந்த விடைகளைப் பின்தொடரும். ‘இன்ஸ்பெக்டர் வருகிறார்’ என்ற சொல்லுக்கு நம் ஊர்ப் பள்ளிகளில் நெடுங்காலம் நீடித்த நடுக்கத்தின் வேர்களுள் ஒன்று அங்கே இருக்கிறது.

அந்த நடுக்கத்தை மாற்ற முயன்றவராக ஒருவரைச் சொல்ல வேண்டும் என்றால் நெ. து. சுந்தரவடிவேலு. காஞ்சிபுரத்தை அடுத்த நெய்யாடுபாக்கத்தில் 1912இல் பிறந்தவர். பள்ளி ஆய்வாளர் பணியிலிருந்து படிப்படியாக உயர்ந்து, காமராசர் முதலமைச்சரான 1954இலேயே பொதுக்கல்வி இயக்குநர் ஆனார். அவர் காலத்துப் பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள் பற்றிப் பழைய ஆசிரியர்களிடம் இன்றும் கேட்கலாம். பள்ளிக்கு என்னென்ன தேவை என்று பட்டியல் எழுதி ஊரார் முன் வைத்தார்கள். கூரை, பெஞ்சு, கரும்பலகை, பிள்ளைகளுக்குச் சீருடை. ஊரார் ஆளுக்கொன்றாக ஏற்றுக்கொண்டார்கள். 1956இல் பரவத் தொடங்கிய பகல் உணவும் முதலில் ஊராரின் அரிசியில்தான் நடந்தது. இவற்றைக் கட்டட வரலாறாகவும் உணவு வரலாறாகவும் எழுதுகிறார்கள். மொழி வரலாறாகவும் எழுதலாம். அதுவரை மேலிருந்து வந்தவரின் கேள்வி ‘ஏன் இல்லை?’ என்பது. அது ‘என்ன வேண்டும்?’ என்று மாறியது. முன்னதற்கு விடை சாக்கு, பின்னதற்கு விடை பட்டியல்.

அவர் பேச்சு மட்டும் அதைச் செய்துவிடவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். உதவி பெறும் பள்ளி ஆசிரியர்களுக்கு வைப்பு நிதி, காப்பீடு, ஓய்வூதியம் மூன்றையும் சேர்த்து அளிக்கும் திட்டம் 1955இல் சென்னை மாநிலத்தில் வந்தது. முதுமையில் கைவிடமாட்டார்கள் என்று அறிந்த ஆசிரியரிடம் சொல்லப்படும் ‘உங்களை நம்புகிறோம்’ என்ற வாக்கியத்தின் எடை வேறு.

இதைச் சொல்லக் காரணம் உண்டு. ‘தகவல்தொடர்புத் திறன்’ என்ற பெயரில் இன்று நட்சத்திர விடுதிகளில் தலைமையாசிரியர்களுக்கு நடத்தப்படும் பயிற்சிகள் பெரும்பாலும் புன்னகைப் பயிற்சிகள். பெயர் சொல்லி அழையுங்கள், முதலில் பாராட்டுங்கள், பிறகு குறையைச் சொல்லுங்கள், மறுபடி பாராட்டி முடியுங்கள். ஆசிரியர்கள் முட்டாள்கள் அல்லர், இரண்டாம் முறையே அந்த வரிசையைக் கண்டுகொள்வார்கள். முதல் பாராட்டைக் கேட்டதும் நடுவில் வரப்போவதற்கு மனத்தைத் தயார் செய்துகொள்வார்கள். பெங்களூரில் தேன் ஒழுகப் பேசி, ‘ஸ்வல்ப அட்ஜஸ்ட் மாடி’ என்று சிரித்துக்கொண்டே ஞாயிற்றுக்கிழமைகளை வாங்கிக்கொள்ளும் நிர்வாகிகள் நிறையப் பேர் உண்டு. கடுஞ்சொல் அரம் என்றால் இது கரையான். ஓய்வுபெற்ற அந்தத் தலைமையாசிரியை சாவியைக் கொடுத்தபோது சிரிக்கக்கூட இல்லை.

குஜராத்தியில் கிஜுபாய் பதேகா எழுதி, தமிழில் ‘பகல் கனவு’ என்ற பெயரில் நம் ஆசிரியர்கள் பலர் கைகளில் தவழும் நூலிலும் ஒரு கல்வி அலுவலர் வருகிறார். அந்தக் கற்பனை ஆசிரியர் தம் முயற்சிகளைச் செய்து பார்க்க நான்காம் வகுப்பைக் கேட்கிறார். அலுவலருக்கு நம்பிக்கை பாதிதான். அதை மறைக்கவும் இல்லை. ஆனால் வகுப்பைக் கொடுக்கிறார், ஓராண்டு கொடுக்கிறார். பலரும் அந்நூலை ஆசிரியரின் கதையாகப் படிக்கிறார்கள். அந்த அலுவலர் ‘முடியாது’ என்று ஒரு வரி எழுதியிருந்தால் நூல் மூன்றாம் பக்கத்தில் முடிந்திருக்கும்.

ஆஸ்டின் டவுன் பள்ளியில், சென்ற பிப்ரவரியில் பெற்றோர் சந்திப்பு நடந்தது. சுரங்கத் தாத்தாவின் கதையைச் சொன்ன அதே பையன் அந்தப் பருவத்தில் 19 நாள்கள் வரவில்லை. கட்டணமும் நிலுவை. அவன் தாய் கோரமங்களாவில் அடுக்ககம் ஒன்றில் துப்புரவு வேலை செய்பவர். வேலை உடையோடு வந்திருந்தார். நிர்வாகியின் தாய்மொழி கன்னடம். தமிழ் கேட்டால் புரியும், பேச வராது. ஆசிரியையை மொழிபெயர்க்க அழைத்தார்கள். எந்த மொழிக்காக விளக்கம் கேட்கப்பட்டதோ அந்த மொழிக்காகவே அழைத்தார்கள். அதை அங்கே எவரும் சொல்லிக் காட்டவில்லை.

நிர்வாகி ஆங்கிலத்தில் சொன்னார்: “பையன் 19 நாள் வரவில்லை. இப்படியே போனால் மாற்றுச் சான்றிதழை வாங்கிக்கொண்டு போகலாம் என்று சொல்லுங்கள், மேடம்.”

கல்வி உரிமைச் சட்டத்தின் 16ஆம் பிரிவுப்படி எட்டாம் வகுப்பு முடியும்வரை எந்தப் பிள்ளையையும் பள்ளியிலிருந்து வெளியேற்ற முடியாது. ஆசிரியைக்கு அது தெரியும். நிர்வாகிக்கும் தெரிந்திருக்க வேண்டும். ஆஸ்டினின் நிபந்தனைகளின்படி பார்த்தால் அந்த மிரட்டல் செல்லாத மிரட்டல், சொல்ல உரிமை இல்லாதவர் சொன்னது. ஆனால் அந்தத் தாய்க்கு அது தெரியாது. அவரைப் பொறுத்தவரை அது செல்லும்.

ஆசிரியை தாயின் பக்கம் திரும்பி, “பையன் பத்தொம்பது நாள் வரலைம்மா. என்ன ஆச்சுன்னு சார் கேக்கறாரு” என்றார்.

“என்னா மிஸ் சொல்றது? எனக்கு டூட்டி ஆறு மணிக்கு மாத்திட்டாங்க. சின்னவள அங்கன்வாடில வுட்டுட்டுத்தான் இவன் வரணும். அது தொறக்கவே ஒம்போதரை ஆவுது. இங்க எட்டே முக்காலுக்குக் கேட்டு மூடிர்றாங்க. ரெண்டு வாட்டி வந்து நின்னுட்டுத் திரும்பிட்டான். அப்புறம் கிரவுண்டுக்குப் போயிர்றான் போல.”

அவன் வராதவன் அல்லன். வந்து, மூடிய வாயிலைப் பார்த்துவிட்டு, நந்தன் மைதானத்துக்குப் போனவன். ஆசிரியை மொழிபெயர்க்க வாயெடுப்பதற்குள் நிர்வாகி கையசைத்து நிறுத்தினார். அவருக்குப் புரிந்துவிட்டது. மேசைமேல் இருந்த வருகைப் பதிவேட்டை மூடினார். தாய் போன பிறகு சொன்னார்:

“நான் சொன்னதை நீங்கள் சொல்லவில்லை, மேடம்.”

“அவங்க பதில் சொல்ற மாதிரி சொன்னேன், சார்.”

பெனெலோப் பிரவுனும் ஸ்டீவன் லெவின்சனும் 1978இல் எழுதி, 1987இல் தனி நூலாகவும் வந்த கண்ணியக் கோட்பாடு உலகெங்கும் மொழியியல் வகுப்புகளில் பாடம். அதற்கு அடிப்படையான மூன்று மொழிகளுள் ஒன்று தமிழ். கோவை மாவட்டச் சிற்றூர் ஒன்றில் லெவின்சன் திரட்டிய பேச்சு அது. மனிதர் ஒவ்வொருவருக்கும் காத்துக்கொள்ள வேண்டிய ‘முகம்’ ஒன்று உண்டு, கட்டளையும் குறைகூறலும் அந்த முகத்தைத் தாக்குபவை, ஆகவே மொழிகள் எல்லாம் அத்தாக்குதலைத் தணிக்கும் வழிகளை வைத்திருக்கின்றன என்பது அதன் சாரம். ‘முகம் கொடுத்துப் பேசுதல்’, ‘முகத்தை முறித்தல்’, ‘முகத்தில் அடித்தாற்போல் சொல்லுதல்’ என்று பேசிப் பழகிய ஊரில் அந்தக் கோட்பாட்டுக்குச் சான்று கிடைத்ததில் வியப்பு என்ன இருக்கிறது? அந்த அறையில் ஆசிரியை செய்தது அதுவே. மிரட்டலைக் கேள்வியாக மாற்றினார். மிரட்டலுக்கு அழுகை கிடைத்திருக்கும். கேள்விக்கு அங்கன்வாடி திறக்கும் நேரம் கிடைத்தது.

நிர்வாகி அன்று வேறொன்றும் பேசவில்லை. மறுநாள் காவலாளியிடம், அந்தப் பையனைப் பத்து மணிவரை உள்ளே விடும்படி வாய்மொழியாகச் சொல்லிவிட்டிருந்தார். எழுத்தில் எதுவும் இல்லை. எழுத்தில் இருந்தால் மற்றவர்களும் கேட்பார்கள் என்று அஞ்சியிருக்கலாம். பையன் மூன்றாம் பாடவேளையில் வந்து அமரத் தொடங்கினான். சமூக அறிவியல் நான்காவது.

மார்ச் மாதத் தொடக்கத்தில் ஆசிரியைக்குத் தனிச்செய்தி வந்தது. மாலை 6 மணி 15 நிமிடம். குழுவில் இல்லை. ‘சனிக்கிழமை தேர்வறைக் கண்காணிப்புக்கு ஒருவர் குறைகிறார். உங்களால் முடியுமா?’ கேள்விக்குறியோடு வந்தது. அவர் அதை இரண்டு மூன்று முறை படித்தார். சனிக்கிழமை அவருக்கு வேறு வேலை இருந்தது. முதன்முறையாக ‘இந்தச் சனிக்கிழமை முடியாது, சார். அடுத்த வாரம் வருகிறேன்’ என்று எழுதினார். ‘சரி’ என்று விடை வந்தது. அதன் பிறகு எதுவும் நேரவில்லை. விளக்கம் கேட்கப்படவில்லை.

மொழி பற்றிய பழைய சுற்றறிக்கையை யாரும் திரும்பப் பெறவில்லை. அது இன்னும் நடப்பில்தான் இருக்கிறது. ஆண்டுத் தேர்வுக்கு முந்தைய வாரம், திருப்புதல் வகுப்பில், சுரங்கம் மூடப்பட்ட ஆண்டைப் பையன் தமிழில் சொன்னபோது ஆசிரியை கதவைப் பார்த்தார். பிறகு அவன் சொன்னதை ஆங்கிலத்தில் கரும்பலகையில் எழுதச் சொல்லி, சுண்ணக்கட்டியை அவன் கையிலேயே கொடுத்தார். கதவு திறந்தே இருந்தது.

நூலக அலமாரியின் சாவி அலுவலகத்தில் இருக்கிறது. நிர்வாகி பொறுப்பேற்ற முதல் மாதம் அதைத் திரும்பக் கேட்டு வாங்கினார்கள். இப்போது அதற்கு ஒரு பதிவேடு உண்டு, மூன்று கையொப்பம் வேண்டும். ஜூனில் பள்ளி திறந்ததும் கேட்டுப் பார்ப்பதாகச் சொல்கிறார்.